ஏலக்காய் ஸ்டோரில் காய்ந்த கருவாடு

மலைக்குப் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துப் போவார்கள். நான் கருவாடு எடுத்துப் போனேன். பாதி நெத்திலி, பாதி சுறா. செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அதைத் துணிப்பையில் வைத்து, மேலே என் பழைய சேலை ஒன்றையும் சுற்றியிருந்தேன். அப்படியும் போடி பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் முன் சீட்டுக்காரர் பல தடவை திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டார். நானும் அவரோடு சேர்ந்து பின்னால் திரும்பிப் பார்த்தேன், வேறு யாரோ கொண்டு வந்ததைப் போல.

கருவாட்டைவிட முக்கியமான ஒன்று என் சுருக்குப்பையில் இருந்தது. ஒரு வீட்டுச் சாவி. பயணமே அதற்காகத்தான்.

எங்களுக்கு வேதாரண்யம் பக்கம் கடற்கரை ஊர். ஊர் பால்வாடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. சில வருடங்களுக்கு முன் அடித்த புயலில் கடல் எழுந்து தெருவுக்குள் வந்தது. படகெல்லாம் ரோட்டில் கிடந்தது. தென்னை மரம் ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. என் தம்பி செல்வத்தின் படகு இரண்டாகப் பிளந்து மாரியம்மன் கோயில் சுவரில் சாய்ந்திருந்தது. அவன் பெண்டாட்டி மல்லிகாவின் அம்மாவை மூன்றாம் நாள் உப்பளத்தில் எடுத்தோம். நிவாரணக் கொட்டகையில் கொஞ்ச காலம் இருந்து பார்த்துவிட்டு, ஒரு மேஸ்திரியோடு இரண்டு பேரும் ஏலக்காய் மலைக்குப் போனார்கள். ஒரு சீசன் மட்டும் என்று சொல்லித்தான் போனார்கள்.

அதற்குப் பிறகு ஊர் மெல்ல எழுந்துவிட்டது. படகுகள் மறுபடி ஓடுகின்றன. கிணற்றுத் தண்ணீரில் உப்புக் குறைந்திருக்கிறது. வைத்த தென்னங்கன்று இடுப்பு உயரம் வந்திருக்கிறது. கான்கிரீட் வீடுகளும் கட்டிக் கொடுத்தார்கள். எனக்கு ஒன்று, செல்வத்துக்கு ஒன்று, நடுவில் ஒரே சுவர். பால் காய்ச்சுவதற்கு அவன் மட்டும் வந்து ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போனான். அதிலிருந்து அந்த வீடு பூட்டித்தான் கிடக்கிறது. தினமும் அதன் வாசலையும் சேர்த்துக் கூட்டுகிறேன். கடல் காற்றுக்குப் பூட்டு துருப்பிடிக்கும் என்பதால் அவ்வப்போது எண்ணெய் விடுகிறேன்.

வீடு போதாமல் இன்னும் கொட்டகையிலேயே இருக்கிற குடும்பங்கள் உண்டு. பாக்கியத்தின் குடும்பம் அதில் ஒன்று. ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்தது. செல்வம் வருகிறானா இல்லையா, நேரில் போய்க் கேட்டு வா, வரவில்லை என்றால் சாவியைப் பாக்கியத்துக்குக் கொடு என்றார்கள். நியாயமான பேச்சு. அதனால்தான் எனக்கு எரிச்சல் அதிகமாக வந்தது. போனில் கேட்டால் அவன் எப்போதும் “பாக்கலாங்க்கா” என்றுதான் சொல்வான்.

புறப்படுகிற அன்று கருவாட்டைக் கொண்டுவந்து கொடுத்ததே பாக்கியம்தான். அவளே உப்புப் போட்டுக் காயவைத்தது. “தம்பி வந்துரணும்னுதான் நானும் வேண்டிக்கிறேங்க்கா” என்றாள். பொய் இல்லை. ஆனால் சொல்லும்போது அவள் கண் பூட்டிய கதவின் மேலே இருந்தது. அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

போடியில் இறங்கியதும் ஊரே பாயசம் வைத்திருப்பது போல மணந்தது. மண்டிகளின் வாசலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஏலக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சும் சிரிப்பும் ஒரு பக்கம் நடக்க, விரல்கள் தம் பாட்டுக்குப் பொறுக்கிக்கொண்டிருந்தன. எங்கள் கரையில் மீன் பிரிக்கிற பெண்களும் இப்படித்தான். ஆனால் இங்கே காக்காய் இல்லை, ஈ இல்லை, யாரும் யாரையும் திட்டவில்லை. எனக்கு அது என்னவோ போல இருந்தது.

மத்தியானம் ஒரு ஓட்டலில் ‘மீன் சாப்பாடு’ என்று போர்டு பார்த்து ஆசையாகப் போய் உட்கார்ந்தேன். வந்தது அணை மீன். குழம்பு நன்றாகத்தான் இருந்தது, அந்த மீனுக்குத்தான் உப்பு என்றால் என்ன என்றே தெரியவில்லை. பரிமாறியவரிடம் சொன்னேன். “எங்களுக்கு இதான் ஆத்தா கடலு, வைகை அணை” என்று சிரித்துவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றினார். மறுக்க மனசில்லை.

மறுநாள் விடிவதற்கு முன்பே தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் ஜீப்பில் ஏறினேன். ஜீப்பு என்று பேர்தான். எங்கள் படகில் ஐஸ் பெட்டிக்குள் மீன் அடுக்குவது போல ஆள் அடுக்கினார்கள். அடுக்கி முடித்த பிறகு டிரைவர் மூக்கை உறிஞ்சினார்.

“ஆத்தா, அந்தப் பையில என்ன வச்சிருக்கீக?”

“கருவாடு.”

“காய்க்காட்டுக்குக் கருவாடா கொண்டு போறீக?” ஏலத்தோட்டத்துக்கு இங்கே காய்க்காடு என்று பேர்.

பக்கத்தில் இருந்த பெண் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள். “அண்ணே, அத மேல கட்டிருங்க. மேட்டுக்குப் போறவரைக்கும் இந்த வாசத்தோட உக்காந்து வர முடியாது.” என் பை ஜீப்பின் கூரைக்குப் போனது. தம்பியைக் கூட்டிப் போக வந்திருக்கிறேன் என்று டிரைவரிடம் சொல்லிப் பார்த்தேன், பை இறங்கவில்லை. சிலமலையிலிருந்து தினமும் வேலைக்கு வருகிறவளாம் அந்தப் பெண். வளைவுகளில் எனக்கு வயிற்றைப் புரட்டியபோது அவள்தான் முந்தானையில் முடிந்திருந்த ஏலக்காயை எடுத்து, “இத மென்னுக்கிட்டே வாங்க, வெளிய பாருங்க, சரியாப் போகும்” என்று கொடுத்தாள். கடலில் போகிற குடும்பத்துக்காரிக்கு வாந்தியா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் பெண்கள் படகில் ஏறுவதில்லை.

அவள் சொன்னபடி வெளியே பார்த்தேன். கீழே போடி தெரியவில்லை. பள்ளம் முழுக்கப் பனி நிறைந்து, நீலமும் வெள்ளையுமாக ஓரம் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஒரு நொடி கடல் என்றே நினைத்துவிட்டேன். ஊரைவிட்டு வந்து முழுசாக இரண்டு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் கண் இப்படி ஏமாறுகிறது. செல்வத்தின் கண் இத்தனை வருடமாக என்ன செய்திருக்கும்?

மேடு ஏறுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. உள்ளே நாங்கள் நனையவில்லை. கூரையில் இருந்த கருவாடு நனைந்தது.

செல்வம் தோட்டத்து லயன் வீட்டு வாசலிலிருந்து ஓடிவந்தான். ஸ்வெட்டரும் தலையில் கம்பளித் தொப்பியும் போட்டிருந்தான். “வாக்கா, வெரசா உள்ள வா, நனையாத.”

“வெரசாவா? இது எந்த ஊருப் பேச்சுடா?”

“இங்க பேசிப் பேசி வந்துருச்சுக்கா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் அவன் தோளில் முகத்தை வைத்தேன். சின்னப் பிள்ளையிலிருந்து நான் தூக்கி வளர்த்த உடம்பு. அதில் மீன் வாசனை இல்லை. விறகுப் புகையும் ஏலக்காயும்தான் இருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து அவன் மகள் தேன்மொழி எட்டிப் பார்த்தாள். மலையில் பிறந்த பிள்ளை, கடலைப் பார்த்ததில்லை. “அப்பா, இந்த அத்தை நாறுது” என்றாள்.

செல்வம் அவளை அதட்டினான். நான் சிரித்தேன். சிரித்தேனே தவிர, அன்று முழுவதும் அந்த வார்த்தை உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது.

மல்லிகா மரவள்ளிக்கிழங்கு அவித்து, காந்தாரி மிளகாய் அரைத்து, கட்டன் காப்பி கொடுத்தாள். மத்தியானம் சோறும் பருப்பும். புயலுக்குப் பிறகு அவள் மீனைத் தொடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். அவள் அம்மாவை எடுத்த நாளிலிருந்து அப்படி. அவளுக்காக அவனும் வீட்டில் மீன் கேட்பதில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாப்பிட்டபின் ஊர்க் கதையெல்லாம் சொன்னேன். யார் புதுப் படகு இறக்கினார்கள், யாருக்குக் கல்யாணம், பால்வாடிக்குப் புதுச் சுவர், அதில் பிள்ளைகள் வரைந்த ஆமை. செல்வம் கதவு நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். “இப்ப என்ன மீனுக்கா படுது?” என்று கேட்டான். “கெழங்கான்” என்றேன். “பெருசா?” என்றான். கையை விரித்துக் காட்டினேன். அவன் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தான். சாவியை எடுக்க இதுதான் நேரம் என்று சுருக்குப்பையில் கை வைத்தேன். மல்லிகா பேச்சில் புகுந்தாள்.

“அண்ணி, இங்கயும் காத்து அடிக்கும். மரம் விழும். ஆனா விழுந்த எடத்துலயே கெடக்கும். வீட்டுக்குள்ள வராது.”

சுருக்குப்பையின் கயிற்றை இறுக்கிக்கொண்டேன்.

சாயங்காலம் செல்வம் என்னை ஸ்டோருக்குக் கூட்டிப் போனான். பச்சைக்காயைக் காயவைக்கிற கட்டடத்துக்கு இங்கே ஸ்டோர் என்று பேர். அடுப்பு வெளியே இருக்கிறது. தகரக் குழாய்கள் அந்தச் சூட்டை உள்ளே கொண்டு போகின்றன. உள்ளே கம்பிவலைத் தட்டுகள், தட்டு நிறையக் காய். இப்போது அந்த ஸ்டோர் முழுக்க அவன் பொறுப்பாம். புதிதாக வந்தபோது அவன் செய்த கூத்தை அவனே சொன்னான். காயவைக்கச் சொன்னதும், நம் ஊர்ப் பழக்கத்தில் அவ்வளவு காயையும் பாறையில் பரப்பி வெயிலில் போட்டுவிட்டானாம். ஏலக்காய்க்கு வெயில் ஆகாது, பச்சை நிறம் போய் வெளுத்துவிடும். “முதலாளியம்மா என்னைய அன்னைக்கே அனுப்பிருக்கணும்க்கா, சிரிச்சுட்டு விட்டுருச்சு” என்றான்.

விறகு வைத்துவிட்டு அவன் சாப்பிடப் போனான். நான் பின்னால் வருகிறேன் என்று நின்றேன். என் கவலை கருவாட்டைப் பற்றியது. ஈரக் கருவாடு ஒரு ராத்திரி இருந்தால் புழு வைத்துவிடும். இந்த மலையில் வெயிலுமில்லை, காய்ந்த மண்ணுமில்லை. எதிரே கதகதவென்று ஒரு அறை, மேல் வரிசையில் காலியாக ஒரு தட்டு. எங்கள் ஊர்க்காரி யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். பையை எடுத்து வந்து, கருவாட்டை அந்தத் தட்டில் அழகாகப் பரப்பி, கதவைச் சாத்திவிட்டுப் போய்ச் சாப்பிட்டேன். ஒரு உபகாரம் செய்த திருப்தி வேறு.

காலையில் செல்வம் ஸ்டோர்க் கதவைத் திறந்த இடத்திலேயே நின்றுவிட்டான். கீழ்த்தட்டிலிருந்து ஒரு காயை எடுத்து நசுக்கி மோந்து பார்த்தான். பிறகு என்னிடம் நீட்டினான். நானும் மோந்தேன். கருவாடு மணந்தது. ஏலக்காய் பக்கத்தில் இருக்கிற வாசனையையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளுமாம். அதனால் ஸ்டோருக்குள் யாரும் பீடிகூடப் பிடிக்க மாட்டார்களாம். அவன் சொல்லி முடிப்பதற்குள் நான் கருவாட்டைப் பையில் அள்ளிப் போட்டேன்.

கெட்ட நேரத்துக்கு அன்றைக்குத்தான் முதலாளியம்மா போடியிலிருந்து வருகிற நாள். ஜீப்பிலிருந்து இறங்கும்போதே முகம் சுளித்தது. உள்ளே போய், வெளியே வந்து, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி காய வெயில்ல போட்டு வெளுக்க வச்சான். அக்கா கருவாட்டோட சேத்து வேக வச்சிருச்சு. காயப்போடுறதத் தவிர ஒங்க ஊர்ல வேற சோலியே இல்லையாத்தா?”

நான் தலை குனிந்து நின்றேன். அவர் சிரிக்கவில்லை. “இத ஏலத்துல தட்டுல வச்சா, ஒவ்வொருத்தனும் நசுக்கி மோந்து பாப்பான். போடியில எம் பேரு என்னாகும்? சாயந்தரம் அடுத்த காய் வந்துரும். அதுக்குள்ள இந்த நாத்தம் போகணும்.” பிறகு செல்வத்தின் பக்கம் திரும்பினார். “அக்கா ஒன்னையக் கூட்டிட்டுப் போகத்தான் வந்துருக்காகன்னு டிரைவர் சொன்னான். போறதுன்னா இப்பயே சொல்லிரு. நான் வேற ஆளு பாக்கணும்.”

உள்ளதைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு வெட்கம் போய் ஆசை வந்துவிட்டது. இவர் கோபப்பட்டு அவனைப் போ என்று சொல்லட்டும், அவன் மூட்டை கட்டட்டும், என்னோடு பஸ் ஏறட்டும், பக்கத்து வீட்டில் விளக்கு எரியட்டும் என்று கடகடவென மனசு ஓடியது. கெடுத்தது கெடுத்தேன், அதிலாவது ஒரு நல்லது நடக்கட்டும் என்று எங்கள் மாரியம்மனை வேண்டிக்கொண்டேன்.

செல்வம் என்னைப் பார்க்கவில்லை.

“நான் எங்கயும் போகலம்மா. இங்கதான் இருக்கேன். சாயந்தரத்துக்குள்ள ஸ்டோரச் சுத்தமாக்கிருவேன்.”

போனில் இத்தனை காலம் ‘பாக்கலாங்க்கா’ என்று சொன்னவன். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் சொல்லவில்லை. நிதானமாகத்தான் சொன்னான். அப்படிச் சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

பிறகு நாள் முழுக்கத் தேய்த்தோம். செல்வம் தட்டுகளைக் கழற்றித் தந்தான், மல்லிகா வெந்நீர் ஊற்றினாள், நான் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். “அடுத்த தட்டக் கொண்டா, வெரசாக் கொண்டா” என்று அவன் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. தேன்மொழி ஒவ்வொரு தட்டாக மோந்து பார்த்து “இன்னும் நாறுது” என்று தீர்ப்புச் சொன்னாள். கடைசித் தட்டு வெயில் இல்லாத முற்றத்தில் சாய்ந்து நின்றபோது சாவியை எடுத்து அவன் பக்கத்தில் வைத்தேன். ஊர்க்கூட்டத்தில் பேசியதைச் சொன்னேன்.

ஈரக் கையோடே எடுத்துப் பார்த்தான். சாவியின் மேல் எண்ணெய் பளபளத்தது. “எண்ணெ விடுறியாக்கா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தான். எனக்குள் இன்னும் கொஞ்சம் ஆசை மிச்சம் இருந்தது.

“பாக்கியத்துக்கே குடுத்துருக்கா” என்றான். “பின்பக்கக் கதவு மழைக்கு ஊதிக்கும். இழுத்தா சாத்தாது. கொஞ்சம் தூக்கிச் சாத்தணும்னு சொல்லிரு.”

ஒரே ஒரு ராத்திரி தங்கிய வீடு. அதன் பின்பக்கக் கதவை இந்த மலையில் இருந்துகொண்டு எத்தனை தடவை தூக்கிச் சாத்தியிருப்பான் என்று நினைத்தேன். அவன் எழுந்து அடுப்புப் பக்கம் போய்விட்டான். நான் மல்லிகாவைப் பார்த்து அழுதேன். அவள் என் கையிலிருந்த சாம்பலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள்.

மறுநாள் காலை அந்த ஜீப்பிலேயே கீழே இறங்கினேன். கருவாடு தோட்டத்தில் இருக்கக் கூடாது என்பது முதலாளியம்மாவின் உத்தரவு. பை என் மடிக்கே வந்துவிட்டது. ஜீப்பு கிளம்புகிற நேரத்தில் மல்லிகா ஓடி வந்தாள். தலையைக் குனிந்துகொண்டு மெல்லிய குரலில் சொன்னாள்.

“அண்ணி, நெத்திலி மட்டும் கொஞ்சம் குடுத்துட்டுப் போங்க. வீட்டுக்குள்ளயே வச்சுக்கிறேன்.”

ஒரு கை அள்ளிக் கொடுத்தேன். அதை முந்தானையில் முடிந்து, உள்ளங்கையை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு நின்றாள். வளைவு திரும்பும் வரை நின்றாள்.

ஊர் வந்ததும் முதல் வேலையாகச் சாவியைப் பாக்கியத்திடம் கொடுத்தேன். பின்பக்கக் கதவு விஷயத்தையும் சொன்னேன். அவள் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “தம்பி வருவாருன்னு நெனச்சேங்க்கா” என்றாள். அவள் கொட்டகையிலிருந்து பாத்திரங்களைத் தூக்கி வந்தபோது நானும் ஒரு அண்டாவைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் மழை தூறியது. மீதமிருந்த சுறாக் கருவாட்டைக் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். கொதி வந்ததும் வீடு முழுக்க ஏலக்காய் மணந்தது. மூடியைத் திறந்து திறந்து மோந்தேன். என் தம்பியின் தோளில் முகம் வைத்தபோது இருந்த அதே வாசனை.

நடுச்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாக்கியத்தின் குரல் கேட்டது. “என்னக்கா விசேஷம், பாயசமா?”

“கருவாட்டுக் கொழம்புதான். தட்டக் கொண்டா, வெரசாக் கொண்டா.”

என் வாயில் வந்தது செல்வத்தின் பேச்சு என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது. கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். பக்கத்து வீட்டில் நடமாட்டம் கேட்டது. பிறகு, பின்பக்கக் கதவைத் தூக்கிச் சாத்துகிற சத்தம்.